பிறர் முகம் யாருடைய சொத்து?



கல்முனைக் கடைத்தெருவிலோ, மருதமுனை நெசவாளர் ஒழுங்கைகளிலோ, சாய்ந்தமருது, நிந்தவூர் வீதிகளிலோ முற்பகல் வேளையில் குறத்தி ஒருத்தி வீடுவீடாக நடந்து போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். முஸ்லிம் வீட்டு வாசலில் "ராத்தா, கையைக் காட்டுங்க" என்பாள். தமிழர் வீட்டு வாசலில் "அக்கா, ஒரு சொல்லுக் கேளுங்க" என்பாள். சிலர் கை நீட்டுவார்கள். சிலர் பழைய சீலையோ கொஞ்சம் அரிசியோ கொடுத்தனுப்புவார்கள். சிலர் படலையைச் சாத்திவிடுவார்கள். இவர்களெல்லாம் பழைய ஆட்கள். நம் பாட்டன்மார் காலத்திலும் இருந்தவர்கள். அண்மைக் காலத்தில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவர் கையும் நீட்டுவதில்லை, படலையும் சாத்துவதில்லை. கைத்தொலைபேசியை எடுத்து அவளைப் படம் பிடிக்கிறார். அவள் அடுத்த படலையை அடையுமுன் அவள் முகம் கட்டாருக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இக்கட்டுரை அந்தப் புதியவரைப் பற்றியது. அதாவது நம்மைப் பற்றியது.

அவள் எங்கிருந்து வருகிறாள் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? அக்கரைப்பற்றுக்கு அப்பால், ஆலையடிவேம்புப் பிரதேச செயலாளர் பிரிவில், அளிக்கம்பை என்றொரு கிராமம் உண்டு. நாம் வனக்குறவர் என்றும் சிங்களவர் அஹிகுண்டக என்றும் அழைக்கும் மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு; வெளியே தமிழ். பாம்பாட்டியும் குரங்காட்டியும் குறி சொல்லியும் ஊர் ஊராகத் திரிந்த முன்னோரின் பிள்ளைகள். இயேசு சபைக் குருக்களின் பணியினால் அவர்களுள் மிகப் பலர் நம் மறையைத் தழுவினர். ஆகவே, வாசகரே, நம் பகுதியில் குறத்தி என்று நாம் சொல்லும் பெண் பல வேளைகளில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறுதோறும் பூசை காண்பவள். நாம் படலையைச் சாத்துவது பெரும்பாலும் நம் சொந்தச் சகோதரியின் முகத்திலேதான்.

தமிழரின் மனசில் இவ்விஷயத்தில் ஒரு விசித்திரமான இரட்டை வாழ்க்கை இருக்கிறது. வள்ளி குறவர் குலத்துப் பெண் என்று கதிர்காமத்துக்குப் போகிறவர் பெருமையோடு சொல்வார். வேடரான கண்ணப்பரின் பக்தியைப் பாராட்டாத சைவர் இல்லை. குறவஞ்சி என்றே ஓர் இலக்கிய வகை நம்மிடம் உண்டு. அதில் குறத்தி தலைவியின் கையைப் பார்த்து அழகான செந்தமிழில் குறி சொல்வாள். கிறிஸ்தவர்களும் இதற்கு விலக்கல்லர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சுமார் 1800ஆம் ஆண்டிலே பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அழகான முயற்சிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை குறவஞ்சிகளிலும் குறத்தியின் வாய் அசைகிறது, சொல் புலவருடையது. அவளுடைய பசி, அவளுடைய பிள்ளையின் காய்ச்சல், அவளுடைய பாஷை, இவற்றில் எதையும் அங்கே தேடிக் காண முடியாது. ஒரு மக்களின் முகத்தை எடுத்துக்கொண்டு அவர்களின் வாயைப் பூட்டிவிடும் பழக்கம் கமராவோடு பிறந்ததன்று. கமரா அதை மலிவாக்கியது, அவ்வளவே.

கேள்வி இதுதான். ஒருவருடைய உருவமும் வாழ்க்கையும் கண்ணால் காணக்கூடியவையாக இருக்கும் ஒரே காரணத்தால், அவற்றை எடுத்து உலகுக்குக் காட்ட நமக்கு உரிமை உண்டாகுமா? "உள்ளதைத்தானே காட்டினேன், பொய்யா சொன்னேன்?" என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம். எட்டாம் கற்பனையைச் சிறு வயதில் மனனம் செய்தவர்களுக்கும் இந்தச் சமாதானம் போதுமானதாகவே தோன்றும். பொய்ச்சாட்சிதானே விலக்கப்பட்டது?

ஆனால் நமது ஒழுக்கவியல் நூல்கள் இவ்வளவு இலேசாக ஆளை விடுவதில்லை. பிறர் நற்பெயருக்கு எதிரான பாவங்களை அவை இரண்டாகப் பிரிக்கும். இல்லாததைச் சொல்லிக் கெடுப்பது அவதூறு. உள்ளதையே, தகுந்த காரணமின்றிச் சொல்லிக் கெடுப்பது புறணி. இரண்டாவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இருந்தும் அது பாவம். இன்னொன்றும் அந்நூல்கள் சொல்லும்: திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுபோலப் பெயரைக் கெடுத்தவனும் இயன்ற மட்டும் அதைச் சீர்செய்து கொடுக்கக் கடமைப்பட்டவன். இந்தப் பழைய பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டு படங்களைப் பார்ப்போமானால் பல விஷயங்கள் தெளிவாகும்.

முதலில் வெகு தூரம் போவோம். பனிப்பிரதேசத்தில் வாழ்பவர்கள் எஸ்கிமோவர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பிறர் இட்ட பெயர். கனடாவிலும் கிறீன்லாந்திலும் உள்ளவர்கள் தங்களை இனுவிட் என்கிறார்கள். 1922ஆம் ஆண்டிலே றொபேட் பிளகர்ட்டி என்பவர் அவர்களைப் பற்றி எடுத்த திரைப்படம் வெளிவந்தது. நானூக் என்னும் வேட்டைக்காரனின் வாழ்க்கை என்று அது காட்டப்பட்டது. உலகமே வியந்தது. விவரணப் படக்கலைக்கு அதுவே முன்னோடி என்று இன்றும் சொல்வர். உண்மையில் அந்த மனிதனின் பெயர் நானூக் அன்று, அல்லகாரியல்லக். மனைவியாகக் காட்டப்பட்டவள் அவன் மனைவி அல்லள். அக்காலத்தில் அவர்கள் துப்பாக்கி கொண்டு வேட்டையாடி வந்தார்கள். படத்துக்காக ஈட்டியை எடுக்கச் சொன்னார்கள். கிராமபோன் தட்டை அவன் வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கும் காட்சியொன்று உண்டு. கிராமபோன் அவனுக்குப் புதிதன்று. பனிவீட்டுக்குள் கமராவுக்கு வெளிச்சம் போதாமையால், பாதி வீட்டை மட்டும் கட்டி அதற்குள் குடும்பத்தைப் படுக்க வைத்துப் படம் பிடித்தார்கள். பாதி வீட்டுக்குள் முழுக் குளிரில் ஒரு குடும்பம் நித்திரை கொள்வதுபோல நடித்தது. நகரத்து அரங்குகளில் கம்பளிச் சட்டையோடு இருந்தவர்கள் அதைப் பார்த்து இரக்கப்பட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அந்தப் படத்தை எடுக்க உதவியவர்கள் இனுவிட் மக்களே. பிலிம் கழுவுவதற்கும் பழுதான கமராவைப் பிரித்துப் பூட்டுவதற்கும் அவர்களே கை கொடுத்தார்கள். கமராவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனைக் கொண்டே, கிராமபோனைக் கண்டு திகைக்கும் அப்பாவியின் வேஷம் கட்ட வைத்தார்கள். பொய் எங்கே இருந்ததென்று இப்போது தெரிகிறதல்லவா? ஈட்டியிலும் பனிவீட்டிலும் இருந்ததைவிட, அந்த மனிதனின் அறிவை மறைத்ததிலேயே பெரிய பொய் இருந்தது.

இது அவதூற்றின் பக்கம். புறணியின் பக்கம் இன்னும் கொடிது. 1970களிலும் 1980களிலும் வெள்ளைக் கடல்நாய்க் குட்டிகள் பனியின்மேல் அடித்துக் கொல்லப்படும் படங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவின. படங்கள் பொய்யல்ல. கிழக்குக் கனடாவின் கரையில் வியாபாரிகளுக்காக அவ்வேட்டை நடந்தது. மக்கள் கொதித்தார்கள். 1983இல் ஐரோப்பிய சமூகம் அக்குட்டிகளின் தோலைத் தடை செய்தது. இனுவிட் மக்கள் அக்குட்டிகளை வேட்டையாடியவர்கள் அல்லர். வளர்ந்த கடல்நாயைக் கொன்று, இறைச்சியை உண்டு, எஞ்சிய தோலை விற்று, அந்தக் காசில் எண்ணெயும் தோட்டாவும் வாங்கியவர்கள். ஆயினும் கடல்நாய்த் தோல் என்ற பெயரே அருவருப்பாகிவிட்டபடியால் சந்தை முழுவதும் சரிந்தது. படத்தில் இல்லாத மக்களின் அடுப்பு படத்தால் அணைந்தது. 2014ஆம் ஆண்டிலே கனடாவின் கிறீன்பீஸ் இயக்கம் இனுவிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லதே. ஆனால் நமது பழைய நூல்கள் கேட்கும் கேள்வி அங்கே பதிலின்றி நிற்கிறது: முப்பது வருஷத்துப் பிழைப்பை யார் திருப்பிக் கொடுப்பது?

வலை இழுக்கும் நமது கரையோர மக்களுக்கு இது விளங்கக் கடினமன்று. கரைவலையைப் பற்றியோ, சுறாவைப் பற்றியோ தூர தேசத்தில் ஒரு படம் ஓடி, மீன் வாங்குவதே பாவம் என்று அங்குள்ளோர் முடிவு செய்துவிட்டால், மாளிகைக்காட்டிலும் பாண்டிருப்பிலும் தோணி தள்ளுபவனிடம் வந்து யாரும் விசாரிக்கப் போவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் என்னும் தம்பதியினர் 1907, 1908ஆம் ஆண்டுகளில் இலங்கை வேடரிடையே ஆராய்ச்சி செய்து, 1911இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார்கள். இன்று நம் அம்பாறை மாவட்டத்துக்குள் அடங்கும் காடுகளிலும் அவர்கள் திரிந்தவர்கள். அந்நூலில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி, தனிகல வேடரைப் பற்றி அவர்கள் சொல்வதுதான். வந்துபோகும் பயணிகளுக்குக் காட்சி கொடுத்துப் பழகி, ஆதிமனிதராக இருப்பதையே ஒரு தொழிலாக அவர்கள் ஆக்கிக்கொண்டார்களாம். வெள்ளைக்காரர் வரும்போது ஆடையைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்பார்களாம். நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. தம்பானைக்குப் போய்வந்த நம்மவரின் அல்பத்தைப் புரட்டிப் பாருங்கள்: தோளில் கோடரி, கையில் வில், பக்கத்திலே கறுப்புக் கண்ணாடி போட்ட நம் மாமா.

அந்த வில்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடு அதற்குள் போயிற்று. அங்கே வேட்டை குற்றமாயிற்று. பலர் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1998இல் மறைந்த தலைவர் ஊறுவரிகே திசாஹாமி தம் இடத்தை விட்டு அசைய மறுத்தார். ஆக, வேடன் வில்லோடு நின்று படத்துக்குக் காட்சி கொடுக்கலாம். அந்த வில்லைக் கொண்டு தன் காட்டில் ஒரு உடும்பையும் அடிக்க முடியாது. வாழ்க்கை பறிபோனது, வாழ்க்கையின் படம் மட்டும் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது.

அதிலும் பெரிய அநியாயம் ஒன்று நம் கிழக்குக் கரையில் நடக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளிப் பக்கங்களிலும் மூதூருக்குக் கிழக்கேயும் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள். மீன் பிடிக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், சேனை செய்கிறார்கள். முன்னோரை நினைந்து சடங்கு செய்கிறார்கள். சாரமும் சட்டையும் உடுத்துகிறார்கள். செலிக்மன் தம்பதியினர் இவர்களுக்கென்றே தம் நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். ஆனால் இன்று பத்திரிகைக்காரரோ தொலைக்காட்சிக்காரரோ வேடரைத் தேடிப் புறப்பட்டால் வாகரைக்குப் போவதில்லை. போனாலும், "இவர்கள் அசல் வேடர் இல்லையே" என்று திரும்பிவிடுவார்கள். ஏன் அசல் இல்லை? படத்தில் உள்ளவர்போல இல்லை, அதனால்! முதலில் மனிதரைப் பார்த்துப் படம் எடுத்தோம். பிறகு படத்தைப் பார்த்து மனிதரை அளக்கிறோம். சட்டை போட்ட வேடன் வேடன் அல்லன் என்றால், வேட்டி கட்டாத தமிழன் யார்? காற்சட்டை போட்டுக் கந்தோருக்குப் போகும் நம்மை யாரும் அசல் தமிழரா என்று கேட்பதில்லை. மாறும் உரிமையை நமக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பழசாகவே நிற்கும் கடமையை ஏழைக்கு விதிக்கிறோம்.

"நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் வாசகர் இருக்கக்கூடும். கல்முனைக் கரையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கக் கூடாது. பிறருடைய கமராவுக்கு முன் நிற்பதென்றால் என்னவென்று இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை சாவு இல்லை. அந்நாட்களில் இடிபாடுகளுக்குள் உயிரோடு கண்டெடுக்கப்பட்டு, கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது ஆளாகச் சேர்க்கப்பட்ட பால்குடிப் பிள்ளையொன்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இலக்கத்தையே அதன் பெயராக்கி உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒன்பது தாய்மார் உரிமை கோரினார்கள் என்றும் எழுதின. சாலொமோன் அரசனின் கதைபோல வாசிக்க அது நன்றாக இருந்தது. உண்மையில் நீதிமன்றத்தின் முன் உரிமை கோரியவர்கள் ஒரே தாயும் ஒரே தகப்பனுமே. மரபணுச் சோதனை முடிந்து 2005 பெப்ரவரியில் பிள்ளை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எட்டு வாரங்களாக அந்தப் பெற்றோர் பட்ட பாடு ஒருபுறம் இருக்க, பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பின்பும் அந்த இலக்கம் அவனை விடவில்லை. அல்லகாரியல்லக்குக்கு நானூக் என்று பெயரிட்டதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். இருந்தாலும் சொல்லாமல் விடுவது சரியன்று. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கப் போவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 26இல், சாய்ந்தமருதில் கொலைகாரரின் கூட்டாளிகள் ஒளிந்திருந்த வீடு வெடித்தது; சிறு பிள்ளைகளும் செத்தார்கள். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள்மேல் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்களே. ஆனால் அதன் பின் மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் ஓடியது எது? இடிந்த சுவரும், ஊரின் பெயரும், கறுப்பு அபாயாவோடு வீதியில் போகும் யாரோ ஒரு உம்மாவின் முதுகும். அந்த உம்மா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவள். படம் பொய்யல்ல. செய்தியோடு சேர்த்து ஒட்டியபோது அது பொய்ச்சாட்சியாயிற்று. நமது இழவு வீட்டின் பெயரால் அந்தச் சாட்சி சொல்லப்பட்டபடியால், அதைப் பற்றிப் பேசும் கடமை நமக்கே முதலில் உண்டு.

அப்படியானால் கமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாமா? அதுவும் பதிலன்று. யாரும் காணாதபடி இருட்டில் வைத்திருப்பதும் ஏழையை ஒடுக்குபவனுக்கு வசதிதான். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பள்ளிகளில் பலவற்றை நடத்தியவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிறுவனின் இரண்டு படங்களை அந்நாட்டு அரசு தன் அறிக்கையில் வெளியிட்டது: சேருமுன் நீண்ட கூந்தலும் சொந்த உடையும், சேர்ந்த பின் கத்தரித்த தலையும் கோட்டும். பார்த்தவர்கள் மெச்சினார்கள். படம் அங்கே மறைக்கும் திரையாயிற்று. திரையைக் கிழித்தது எது? அப்பள்ளிகளில் வளர்ந்தவர்கள் முதியவர்களான பின் தங்கள் வாயால் சொன்ன சாட்சியும், அதை மறைக்காமல் போட்ட வானொலியும் பத்திரிகையும். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலை 25இல் மஸ்க்வாசிஸ் என்னும் இடத்தில் அவர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். 29இல் இனுவிட் மக்களைத் தேடி இக்கலுவிட் வரை போனார். சக்கர நாற்காலியில் இருந்த வயோதிபர்! அவரைக் கொண்டு போனது அந்தச் சாட்சிதான்.

ஆகவே வேறுபாடு கமராவில் இல்லை. யார் பேசுகிறார், யார் தீர்மானிக்கிறார் என்பதில் இருக்கிறது. "கேட்டுத்தான் எடுத்தோம், அவளும் சம்மதித்தாள்" என்று சொல்வார்கள். சம்மதம் என்பது இலேசான விஷயமன்று. அரிஸ்டோட்டில் ஓர் உதாரணம் சொல்வார்; கடலோரத்தார் நமக்கு நன்கு பொருந்தும். புயலில் அகப்பட்ட மாலுமி சரக்கைத் தன் கையாலேயே கடலில் எறிகிறான். அவன் விரும்பி எறிந்தானா? கை அவனுடையது, ஒருவகையில் விருப்பமும் அவனுடையதே. ஆனால் புயல் இல்லாவிட்டால் எறிந்திருப்பானா? நூறு ரூபாய்க்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு நிற்கும் தாய் அப்படித்தான் நிற்கிறாள். அவள் சிரிக்கவும் செய்வாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர் புயலைப் பார்க்கவில்லை.

உண்மையான சம்மதத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: மாட்டேன் என்று சொன்னாலும் நட்டமில்லை என்ற நிலை. இனுவிட் மக்கள் வாழும் இக்லூலிக் என்னும் சிற்றூரில் இது நடந்தது. தொலைக்காட்சி வேண்டுமா என்று அவர்களிடம் வாக்கெடுத்தபோது, 1975இலும் 1979இலும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் மொழியில் ஒரு நிகழ்ச்சியும் இல்லாத பெட்டி பிள்ளைகளின் வாயை மாற்றிவிடும் என்பது பெரியவர்களின் பயம். 1981இல் இனுவிட் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அமைந்து, அவர்கள் மொழியிலேயே நிகழ்ச்சிகள் வரத் தொடங்கிய பின், 1983இல் சரி என்றார்கள். வேண்டாம் என்றது பழமைவெறி என்று அக்காலத்தில் நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அதே இக்லூலிக்கைச் சேர்ந்த சக்கரியாஸ் குனுக், தான் செதுக்கிய கற்சிற்பங்களை விற்ற பணத்தில் 1981இல் ஒரு வீடியோக் கமரா வாங்கினார். இருபது வருஷம் கழித்து, தம் மக்களின் பழங்கதையொன்றைத் தம் மக்களைக் கொண்டே, தம் மொழியிலேயே படமாக்கிக் கான் விழாவில் பரிசு பெற்றார். நானூக் படத்தில் கமராவைப் பூட்டிக் கொடுத்தவர்களின் இனத்தவர் கமராவைத் தாமே பிடிக்க எண்பது வருஷம் பிடித்தது.

2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 16ஆம் பிரிவு இதையே கூறுகிறது: அம்மக்கள் தங்கள் மொழியில் தங்கள் சொந்த ஊடகங்களை அமைக்க உரிமையுடையவர்கள். இலங்கை அதற்கு ஆதரவாக வாக்களித்தது. வாக்களித்ததோடு நின்றுவிட்டதா என்று கேட்பது வேறு விஷயம். இலங்கை வானொலியின் தெலுங்குச் சேவை ஒருகாலத்தில் ஆந்திராவில் வெகு பிரபலம்; அங்குள்ளவர்கள் கொழும்பிலிருந்து வரும் பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். இந்தத் தீவிலேயே ஓலைக்குடிசையில் தெலுங்கு பேசிக்கொண்டு படுத்திருந்தவர்களுக்காகவா அந்தச் சேவை நடந்தது? கடல் கடந்து கேட்பவன் வாடிக்கையாளன். அளிக்கம்பைக்காரன் வெறும் குறவன்.

இப்போது நம் பத்திரிகையின் மேசைக்கு வருகிறேன். ஒவ்வொரு நத்தாருக்கும் பங்குகளிலிருந்து படங்கள் வரும். பக்திச் சபையாரோ இளைஞர் கழகத்தாரோ ஒரு பின்தங்கிய கிராமத்துக்குப் போய்ச் சீலை, கொப்பி, பால்மா கொடுக்கும் படங்கள். கொடுப்பவர் எல்லோரும் கமராவைப் பார்ப்பார்கள். வாங்குபவள் பொதியைப் பார்ப்பாள். கீழே எழுதியனுப்பும் குறிப்பில் கொடுத்தவர் பன்னிருவரின் பெயரும் பட்டத்தோடு இருக்கும். அவளுக்கு "ஒரு பயனாளி" என்று பெயர். கொடுத்தது நல்ல மனசோடுதான்; அதில் எனக்கு ஐயமில்லை. இடது கை அறியாமல் கொடுக்கச் சொன்னவரின் வார்த்தையையும் இங்கே இழுக்கப் போவதில்லை. அது கொடுப்பவரின் ஆன்மாவைப் பற்றிய பேச்சு. நான் கேட்பது வாங்குபவளைப் பற்றி. அந்தப் படம் அவள் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும். பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை அதைக் காட்டிச் சிரிக்கும். அவள் வறுமை உண்மை; ஆனால் அதைச் சொல்லித் திரியத் தகுந்த காரணம் நம்மிடம் என்ன இருக்கிறது? புறணிக்கு நூல்கள் கொடுக்கும் வரைவிலக்கணம் இதைவிடச் சரியாக வேறெங்கும் பொருந்தாது.

ஆகவே இவ்வருஷம் முதல் அத்தகைய படங்களை நாம் போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். சிலர் கோபித்துக்கொள்வார்கள்; ஏற்கனவே இரண்டு கடிதம் வந்துவிட்டது. படம் போடத்தான் வேண்டுமென்றால், படத்தில் உள்ள எல்லோருடைய பெயரும் வேண்டும். அவர்கள் அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னவருக்கும் அதே சீலை கிடைத்திருக்க வேண்டும். அச்சான பின் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அளிக்கம்பையிலும் வாகரையிலும் இப்பத்திரிகையை வாசிப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது போதும். பாம்பு பிடித்த கதையோ, காணிக் கச்சேரிக்கு அலைந்த கதையோ, பாட்டியின் தாலாட்டோ, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். தெலுங்குப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் அப்படியே போடுவோம். அருகில் தமிழில் பொருளும் தருவோம். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதலாம். பங்குக் குருவானவரிடம் கொடுத்தால் எம்மிடம் வந்து சேரும்.